டெக்சாஸில் ரைபிள் பழகுவோருக்கு: சுடுதளம் ஏற்கும் தோட்டாவைக் கட்டுப்படியான விலையில் வாங்குவது எப்படி?

டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் பகுதிகளில் ரைபிள் சுடப் பழகும் நம்மவர்கள் பலரும் துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பதற்கு மாதக்கணக்கில் செலவிட்டுவிட்டு, தோட்டாவை மட்டும் விலை குறைவாகக் கிடைக்கும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடுகிறார்கள். பிறகு சுடுதளத்தின் வரவேற்பு மேசையில் ஒரு சிறு காந்தம் அந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. விற்ற தோட்டாவை அமெரிக்கக் கடைகள் பெரும்பாலும் திரும்பப் பெறுவதில்லை என்பதால், மலிவு என்று நினைத்து வாங்கியது முழு நட்டமாக முடிகிறது. இந்த விவரங்களை நான் கடைக்காரர், சுடுதள ஊழியர், உற்பத்தியாளரின் அட்டைப்பெட்டி, சட்டப் பிரிவு என்று துண்டு துண்டாகத் திரட்ட வேண்டியிருந்தது. புதிதாக வருவோருக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காகச் செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன். விலை ஒப்பீடு ஐந்தாவது படியில்தான் வருகிறது. அதை முதலில் செய்யாதீர்கள்.

1. உங்கள் விசா நிலையை முதலில் பாருங்கள்

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியை மட்டுமல்ல, தோட்டாவையும் வைத்திருக்கக் கூடாது. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1, சுற்றுலாவுக்கான பி-2 ஆகிய எல்லாமே இதில் அடங்கும். சுடுதளத்தில் வாடகைத் துப்பாக்கியை ஒரு மணி நேரம் கையில் பிடிப்பதும் ‘வைத்திருத்தல்’ என்றே கொள்ளப்படுகிறது. 2022-இல் வந்த திருத்தத்திற்குப் பிறகு இக்குற்றத்திற்கு அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டுச் சிறை. நாடு கடத்தப்படுவதற்கும் இது ஒரு காரணமாகும். அலுவலக நண்பர்கள் வார இறுதியில் கூட்டாகச் சுடுதளம் செல்லும்போது, எச்-1பி-யில் இருப்பவர் ‘காயம் நேர்ந்தால் சுடுதளம் பொறுப்பல்ல’ என்ற படிவத்தில் யோசிக்காமல் கையெழுத்திட்டு உள்ளே போய்விடுவது சர்வசாதாரணமாக நடக்கிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா, அம்மாவைப் பொழுதுபோக்காக அழைத்துச் சென்று கையில் ரைபிளைக் கொடுத்துப் படம் எடுப்பது இன்னும் மோசம். அவர் நிலை தெரிந்தே கொடுப்பவரும் சட்டத்தின் பிடியில் வருவார்.

இதற்கு ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு. அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் இந்தத் தடை பொருந்தாது. டெக்சாஸில் அதை மாநிலப் பூங்கா மற்றும் வனவிலங்குத் துறை தருகிறது. மாநிலத்தில் தொடர்ந்து ஆறு மாதம் வசித்தவருக்கான சாதாரண உரிமத்தின் கட்டணம் 25 டாலர். இணையத்திலோ விளையாட்டுப் பொருள் கடையிலோ அன்றே வாங்கிவிடலாம். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதன் பின்னரோ பிறந்தவர் வேட்டைக்குச் செல்ல வேட்டைப் பயிற்சிச் சான்றும் வேண்டும். 17 வயது நிறைந்தவர் அந்தப் பயிற்சியை இணையத்திலேயே முடிக்கலாம்.

இங்கே பலர் கவனிக்காமல் விடுவது தேதி. டெக்சாஸின் ஆண்டு வேட்டை உரிமம், நீங்கள் எந்த மாதத்தில் வாங்கினாலும், ஆகஸ்ட் 31 அன்று காலாவதியாகிவிடும். ஜூலையில் வாங்கிவிட்டு ஓராண்டு செல்லும் என்று நம்பியிருப்பவர், செப்டம்பர் 1 காலையில் அலமாரியில் இருக்கும் மீதித் தோட்டாக்களோடு சட்டத்தை மீறியவராகிறார். புதிய உரிமங்கள் ஆகஸ்ட் நடுவிலேயே விற்பனைக்கு வந்துவிடும், அப்போதே வாங்கிவிடுங்கள்.

கிரீன் கார்டு உள்ளவருக்கும் குடிமக்களுக்கும் இந்தத் தடை இல்லை. கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருப்பது, ஈஏடி எனும் பணி அனுமதி அட்டை இருப்பது போன்ற இடைப்பட்ட நிலைகளில் இருப்பவர்கள் கடைக்காரர் சொல்வதையோ நண்பர் சொல்வதையோ நம்பாமல், குடிவரவு வழக்கறிஞரிடம் எழுத்தில் பதில் பெறுவதே சரி. அந்த ஆலோசனைக் கட்டணம் ஒரு பெட்டித் தோட்டாவின் விலையைவிட அதிகம்தான். இருந்தாலும் செலவிடத் தகுந்தது.

2. சுடுதளத்தின் விதிகளை எழுத்தில் பெறுங்கள்

நீங்கள் செல்லவிருக்கும் சுடுதளத்தை முதலில் முடிவு செய்யுங்கள். அதன் விதிப் பக்கத்தைப் படித்துவிட்டுத் தொலைபேசியிலும் ஒருமுறை கேளுங்கள். ஏனெனில் ஒரே ஊரில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு சுடுதளங்களின் விதிகள்கூட ஒன்றாக இருப்பதில்லை. உள்ளரங்கத் தளங்கள் பொதுவாகக் கடுமையானவை. கேட்க வேண்டியவை இவை:

- வெளியில் வாங்கிய தோட்டாவைக் கொண்டுவரலாமா? வாடகைத் துப்பாக்கிக்கும் அது பொருந்துமா, அல்லது அங்கே விற்கும் தோட்டாவைத்தான் வாங்க வேண்டுமா?
- காந்தம் ஒட்டும் குண்டுகளுக்கு (தோட்டாவிலிருந்து பாய்ந்து செல்லும் முனைப்பகுதி) தடை உண்டா? எஃகு உறை (வெடிமருந்தை அடக்கியிருக்கும் கூடு) மட்டும் உள்ள தோட்டாவுக்கும் தடையா?
- மறுநிரப்பல் செய்த தோட்டாவை, அதாவது சுட்ட உறையில் மீண்டும் மருந்தும் குண்டும் அடைத்ததை, ஏற்பார்களா?
- எந்தக் காலிபர் (தோட்டாவின் அளவு வகை) வரை அனுமதி?
- தரையில் விழும் பித்தளை உறைகளை நாமே எடுத்துச் செல்லலாமா?

முதல் கேள்விதான் செலவைப் பெரிதும் தீர்மானிக்கிறது. வாடகைத் துப்பாக்கிக்குத் தங்கள் தோட்டாவையே வாங்க வேண்டும் என்று பல தளங்கள் நிபந்தனை விதிக்கின்றன; அங்கே விலை வெளிச்சந்தையைவிடக் கூடுதலாகவே இருக்கும். சொந்த ரைபிள் இல்லாதவர் ஆயிரம் தோட்டாவை மலிவாக வாங்கி வைத்து ஒரு பயனும் இல்லை.

காந்த விதியின் காரணம் புரிந்தால் வாங்கும்போது குழப்பம் வராது. குண்டுகளைத் தடுத்து நிறுத்த உள்ளரங்கத் தளங்களில் கடினப்படுத்திய எஃகுத் தகடுகள் இருக்கும். ஈயம் அதில் பட்டு நசுங்கி விழுந்துவிடும். எஃகு உள்ளீடு கொண்ட குண்டு தகட்டைக் குழிவிழச் செய்யும், திசைமாறித் தெறிக்கும், தீப்பொறியும் கிளப்பும். எரியாமல் தரையில் படிந்திருக்கும் வெடிமருந்துத் துகளில் அந்தப் பொறி பட்டால் தீப்பிடிக்கும். திறந்தவெளித் தளங்களில் கோடைக்காலத்துக் காய்ந்த புல்லே போதும். எஃகு உறைக்கான தடைக்குக் காரணம் பாதுகாப்பு அல்ல, பணம்: தளங்கள் பித்தளை உறைகளைத் திரட்டி விற்கின்றன, அதில் எஃகு கலந்தால் பிரித்தெடுக்கும் வேலை கூடுகிறது.

3. குழாயில் பொறித்திருப்பதைப் படியுங்கள்

ரைபிளின் குழாயிலோ உடற்பகுதியிலோ காலிபர் பொறிக்கப்பட்டிருக்கும். அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். மூன்று இடங்களில் மட்டும் மிகுந்த கவனம் தேவை.

5.56 நேட்டோ என்று பொறித்த ரைபிளில் .223 ரெமிங்டன் தோட்டாவைச் சுடலாம். .223 என்று மட்டும் பொறித்த ரைபிளில் 5.56-ஐச் சுடக் கூடாது, அழுத்தம் வரம்பு மீறலாம். .223 வைல்ட் என்றிருந்தால் இரண்டும் சரி.

.300 பிளாக்அவுட் தோட்டா, 5.56 ரைபிளின் அதே மேகசினில் அடங்கிவிடும்; சில வேளைகளில் குழாயின் பின்முனையில் தோட்டா அமரும் அறைக்குள்ளும் நுழைந்துவிடும். சுட்டால் ரைபிள் வெடித்துச் சிதறும். இரண்டு காலிபரும் வீட்டில் இருந்தால் ஒரே பையில் எடுத்துச் செல்லவே கூடாது.

.22 எல்.ஆர். வேறு, .22 மேக்னம் வேறு. பெயரைப் பார்த்து மாற்றி வாங்காதீர்கள்.

இன்னும் ரைபிளே வாங்காதவர் என்றால், என் பரிந்துரை .22 எல்.ஆர். தான். தோட்டா ஒன்றுக்கு ஏறத்தாழ 6 முதல் 10 சென்ட் ஆகிறது. .223-க்கு 40 முதல் 60 சென்ட் வரை, .308-க்கு 80 சென்ட்டுக்கு மேல். குறி பார்ப்பதும் மூச்சைக் கட்டுப்படுத்துவதும் விசையை அழுத்துவதும் எல்லாக் காலிபருக்கும் ஒன்றுதான். சாதாரண .22 தோட்டா ஈயக் குண்டும் பித்தளை உறையும் கொண்டது. காந்தச் சிக்கலே எழாது.

4. பெட்டியின் எழுத்தை நம்பாமல் காந்தத்தை நம்புங்கள்

புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்தப் படியில்தான். ஒரு தோட்டாவில் உறை, குண்டு, வெடிமருந்து, அதைப் பற்றவைக்கும் பிரைமர் என நான்கு பாகங்கள் உள்ளன. பெட்டியில் ‘பித்தளை’ என்று அச்சிட்டிருப்பது உறையைப் பற்றி மட்டுமே. ‘எஃப்.எம்.ஜே.’ என்றால் குண்டு முழுவதும் உலோகத்தால் போர்த்தப்பட்டது என்று பொருள். அது எந்த உலோகம் என்பதை அந்த மூன்றெழுத்து சொல்வதில்லை. மேலுறை செம்பாகவும் இருக்கலாம், மெல்லிய செம்புப் பூச்சுக்கு அடியில் எஃகாகவும் இருக்கலாம். இரண்டாவது வகையை இரட்டை உலோக மேலுறை என்பார்கள். ரஷ்யத் தயாரிப்புகளான வுல்ஃப், துலா போன்றவற்றில் எஃகு உறையோடு இதுவே வழக்கம். 2021 செப்டம்பரில் ரஷ்யத் தோட்டா இறக்குமதிக்குப் புதிய அனுமதி வழங்குவது நிறுத்தப்பட்டாலும், பழைய சரக்கு இன்னும் தனியார் கைமாற்றிலும் துப்பாக்கிச் சந்தைகளிலும் தென்படுகிறது. பித்தளை உறையும் இரட்டை உலோக மேலுறையும் சேர்ந்த ஐரோப்பியத் தோட்டாக்களும் உண்டு. பெட்டியைப் பார்த்து ஏமாற இதைவிடப் பொருத்தமான சரக்கு கிடையாது.

5.56-இல் பச்சை நிற முனை கொண்ட எம்855 என்ற 62 கிரெயின் (கிரெயின் என்பது குண்டின் எடை அலகு) தோட்டாவுக்குள் ஒரு சிறு எஃகு முனை இருக்கிறது. மேலுறை செம்பு, உறை பித்தளை, விற்பனை சட்டபூர்வம், சில நேரம் விலையும் குறைவு. ஆனால் பெரும்பாலான உள்ளரங்கத் தளங்கள் அதை அனுமதிப்பதில்லை. அதே காலிபரில் 55 கிரெயின் எம்193 வகைக்கு ஈய உள்ளீடு மட்டுமே உண்டு. சுடுதளத்துக்கு உகந்தது அதுதான். ஆரஞ்சு முனை ஒளித்தடத் தோட்டாவையும் கறுப்பு முனை கவசந்துளைக்கும் தோட்டாவையும் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

சோதிக்கும் முறை எளிது. குளிர்பதனப் பெட்டியில் ஒட்டும் சாதாரணக் காந்தம் போதும். அதை ஒரு நூலில் கட்டித் தொங்கவிட்டு, தோட்டாவின் முனை, குண்டின் பக்கவாட்டு, பித்தளை உறை என்று மூன்று இடங்களில் மெதுவாக அருகே கொண்டுசெல்லுங்கள். இரட்டை உலோக மேலுறை என்றால் பக்கவாட்டில் காந்தம் ‘டக்’கென்று ஒட்டிக்கொள்ளும். எம்855 என்றால் முனைக்கு அருகில் மட்டும் நூல் லேசாகச் சாயும். கையில் காந்தத்தைப் பிடித்துச் சோதித்தால் இந்த மெல்லிய இழுப்பு தெரியாமலே போகலாம், நூல் கட்டச் சொல்வது அதற்காகத்தான். நிறத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம்: செம்பு பூசிய எஃகு உறை பித்தளை போலவே மின்னும், நிக்கல் பூசிய பித்தளை உறை எஃகு போலத் தெரியும்.

ஒட்டியது மேலுறையா உள்ளீடா என்று சுடுதள ஊழியரிடம் வாதிடுவதில் பயனில்லை. அவர் காந்தம் ஒட்டியதா இல்லையா என்று மட்டுமே பார்ப்பார். சட்டப்படி இது கவசந்துளைக்கும் தோட்டா அல்ல என்ற உங்கள் வாதம் சரியாகவே இருக்கலாம். விதி அதைப் பற்றியதல்ல.

தகரப் பெட்டியில் அடைத்து மலிவாக விற்கப்படும் பழைய இராணுவ உபரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 7.62×54ஆர் போன்ற காலிபர்களில் கிடைக்கும் இவற்றில் பலவும் காந்தம் ஒட்டுபவை. போதாக்குறைக்கு அவற்றின் பிரைமர் விட்டுச்செல்லும் உப்பு, அன்றே கழுவாவிட்டால் குழாயைத் துருப்பிடிக்கச் செய்யும்.

5. இப்போது விலையைக் கணக்கிடுங்கள்

பெட்டி விலையைப் பார்க்காமல், வீட்டு வாசலுக்கு வந்து சேரும்போது தோட்டா ஒன்றுக்கு எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள். டெக்சாஸ் விற்பனை வரி 6.25 சதவீதம், உள்ளூர் வரி சேர்ந்தால் பல நகரங்களில் 8.25 சதவீதம். அனுப்பும் கட்டணத்துக்கும் வரி உண்டு என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை.

எடுத்துக்காட்டாக, கடையில் 20 தோட்டா கொண்ட .223 பெட்டி 11.99 டாலர் என்றால், வரியோடு தோட்டா ஒன்று கிட்டத்தட்ட 65 சென்ட். இணையத்தில் 1,000 தோட்டா 430 டாலர், அனுப்பும் கட்டணம் 20 டாலர் என்றால், வரியோடு மொத்தம் ஏறத்தாழ 487 டாலர்; தோட்டா ஒன்று 49 சென்ட்டுக்குச் சற்றுக் குறைவு. ஆயிரத்துக்கு 160 டாலர் மிச்சம். அதே தளத்தில் 100 தோட்டா மட்டும் வாங்கினால், அனுப்பும் கட்டணம் பெரும்பாலும் அவ்வளவாகக் குறையாது என்பதால், இந்த ஆதாயம் காணாமல் போய்விடும். ஆகவே சிறு அளவுக்குக் கடை, பேரளவுக்கு இணையம் என்பது பொதுவாகச் சரிவரும். நண்பர்கள் இருவர் மூவர் சேர்ந்து ஒரே முகவரிக்கு வாங்குவதும் நல்ல வழி. அனைவரும் முதல் படியைத் தாண்டியவர்களாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

விலைகள் தேர்தல் காலத்திலும் சட்டமாற்றப் பேச்சு எழும்போதும் திடீரென ஏறும்; 2020-இல் அலமாரிகளே காலியாயின. உற்பத்தியாளர்கள் அவ்வப்போது பணம் திருப்பித் தரும் சலுகைகளை அறிவிப்பதுண்டு. ரசீதையும் பெட்டியின் பட்டைக்குறியையும் கிழித்து எறியாமல் வையுங்கள். ‘ரீமேன்’ என்று குறித்த மறுதயாரிப்புத் தோட்டா சில சென்ட் மலிவுதான். ஆனால் பல தளங்கள் ஏற்பதில்லை, பல துப்பாக்கி நிறுவனங்கள் அதனால் நேரும் சேதத்துக்கு உத்தரவாதமும் தருவதில்லை. நான் வாங்குவதில்லை.

6. எங்கே, என்ன ஆவணங்களோடு வாங்குவது

டெக்சாஸில் தோட்டா வாங்கத் தனி உரிமமோ பின்னணிச் சோதனையோ கிடையாது. கூட்டாட்சிச் சட்டப்படி உரிமம் பெற்ற கடையில் ரைபிள் தோட்டாவுக்கு 18 வயதும் கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு 21 வயதும் நிறைந்திருக்க வேண்டும். ஓட்டுநர் உரிமம் போதும். .22 எல்.ஆர். இரண்டு வகைத் துப்பாக்கிக்கும் பொருந்துவதால், 21-க்குக் கீழ் உள்ளவரிடம் எதற்கு என்று கேட்பார்கள்.

அகாடமி, கபேலாஸ், பாஸ் புரோ போன்ற பெரிய கடைகளில் .223 எளிதாகக் கிடைக்கும். 2019-இல் எடுத்த முடிவுக்குப் பின் வால்மார்ட் .223, 5.56 விற்பதில்லை, அங்கே தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். இணையத்தில் ஆம்மோசீக் போன்ற விலை ஒப்பீட்டுத் தளங்களில் காலிபரைக் கொடுத்து, உறை பித்தளை, நிலை புதியது என்று வடிகட்டினால் தோட்டா ஒன்றுக்கான விலை வரிசையாக வரும். பிஎம்சி, ஃபெடரல் அமெரிக்கன் ஈகிள், வின்செஸ்டர் ஆகியவற்றின் 55 கிரெயின் எஃப்.எம்.ஜே. வகைகளிலிருந்து தொடங்கலாம்.

நம்ப முடியாத விலையில் விற்கும் போலித் தளங்கள் ஏராளம். கடன் அட்டையை ஏற்காமல் ஜெல் (Zelle) எனும் வங்கிப் பணப்பரிமாற்றம், கிரிப்டோ போன்ற வழிகளில் மட்டும் பணம் கேட்டால் உடனே வெளியேறுங்கள்; போன பணம் திரும்பாது.

வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்வோர் கவனிக்க: இல்லினாயில் துப்பாக்கி உரிமையாளர் அடையாள அட்டை இல்லாமல் தோட்டா வாங்க முடியாது. நியூயார்க்கில் 2023 செப்டம்பர் முதல் ஒவ்வொரு முறையும் பின்னணிச் சோதனை உண்டு. கலிபோர்னியாவில் 2024 ஜூலை முதல் 11 சதவீதக் கூடுதல் வரி விலையில் ஏறிவிட்டது.

7. முதலில் இரண்டு பெட்டி, பிறகு ஆயிரம்

தேர்ந்தெடுத்த தோட்டாவில் இரண்டு பெட்டி மட்டும் வாங்கி, காந்தச் சோதனை செய்து, சுடுதளத்தில் காட்டி, உங்கள் ரைபிளில் தடையின்றி ஓடுகிறதா என்று பாருங்கள். எல்லாம் சரி என்றால் பேரளவில் வாங்குங்கள். ஆயிரம் வந்ததும், வெவ்வேறு பெட்டிகளிலிருந்து சிலவற்றை எடுத்து மீண்டும் காந்தம் வையுங்கள். ஒரே பெயரில் வரும் இறக்குமதிச் சரக்கில் தொகுதிக்குத் தொகுதி மேலுறை மாறக்கூடும்.

அமெரிக்க அஞ்சல் துறை தோட்டாவை ஏற்பதில்லை. தனியார் நிறுவனங்கள் தரைவழியாகவே கொண்டுவருவதால் ஒரு வாரம் வரை ஆகலாம். பல விற்பனையாளர்கள் வயது வந்தவரின் கையெழுத்தையும் கேட்பார்கள். சனிக்கிழமைப் பயிற்சிக்குப் புதன்கிழமை ஆர்டர் போடாதீர்கள். ஆயிரம் .223 தோட்டா ஏறத்தாழ 12 கிலோ கனக்கும். அடுக்குமாடி அலுவலகத்தில் பெற்று வைக்கச் சொன்னால் ஏற்பார்களா என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள்.

8. சுடுதள நாள்

தோட்டாவை அசல் பெட்டியிலேயே கொண்டுசெல்லுங்கள். பையில் கொட்டி எடுத்துச் சென்றால் மறுநிரப்பல் என்று சந்தேகிப்பார்கள். ஓட்டுநர் உரிமம், வேட்டை உரிமம் தேவைப்படுவோருக்கு அது, பாதுகாப்புக் கண்ணாடி, காதுமூடி ஆகியவை இருக்கட்டும். முதல் முறை பாதுகாப்புக் காணொளிக்கும் படிவத்துக்கும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். முடிந்ததும் சாப்பிடுவதற்கு முன் கைகளைச் சோப்புப் போட்டுக் குளிர்ந்த நீரில் கழுவுங்கள்; ஈயத்தூள் வயிற்றுக்குள் போகக் கூடாது. குழந்தைகள் உள்ள வீடு என்றால் அந்த உடைகளைத் தனியே துவையுங்கள்.

9. மீதித் தோட்டாவும் ஊருக்குப் போகும் பையும்

மீதத்தை ரப்பர் வளையம் கொண்ட உலோகப் பெட்டியில், ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போட்டு, பூட்டி, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். டெக்சாஸ் கோடையில் காரின் பின்பெட்டியில் விட்டுவைக்க வேண்டாம். சுடுதளம் மறுத்த தோட்டாவைக் குப்பையில் போடாமல், அதை அனுமதிக்கும் திறந்தவெளித் தளத்தில் பயன்படுத்துங்கள், அல்லது உள்ளூர்க் காவல் துறையிடம் ஒப்படைக்க வழி கேளுங்கள்.

சுடுதளத்துக்கு எடுத்துச்சென்ற முதுகுப்பையை ஒருபோதும் விமானப் பயணத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். பையின் மடிப்பில் மறந்து கிடந்த ஒற்றைத் தோட்டாவோடு இந்திய விமான நிலையங்களில் பிடிபட்டவர்கள் உண்டு. 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி வழக்குப் பதிவாகும். தெரியாமல் எடுத்து வந்தது என்று நிரூபித்து உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்ய வைத்தவர்கள் இருக்கிறார்கள் என்றாலும், அதற்குள் விடுமுறையும் திரும்பும் பயணச்சீட்டும் சில வேளைகளில் வேலையும் போய்விடும். சுடுதளப் பைக்கு வேறு நிறம் வாங்குங்கள், அதைத் தோட்டாப் பெட்டியின் அருகிலேயே மாட்டி வையுங்கள். கால்சட்டை, மேற்சட்டைப் பைகளையும் பெட்டி கட்டும் முன் ஒருமுறை உதறிப் பாருங்கள். ஒரு அங்குல நீளமே உள்ள .22 தோட்டா தையல் மடிப்பில் ஒளிந்துகொள்ளும்.